பழைய கம்பெனி உங்கள் பெயரைக் கெடுக்கிறதா? சட்டத்தில் என்ன வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையை விட்டு வந்த பிறகும் பழைய முதலாளியின் வாய் ஓயவில்லை என்று சொல்லி வருபவர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில். எல்லாம் இந்தியச் சட்டத்தை வைத்து, தமிழ்நாட்டில் வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. உங்கள் கையில் இருக்கும் காகிதங்களைப் படித்துப் பார்த்த வக்கீல் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எவ்வளவு நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்?

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மானநஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போட ஒரே ஒரு வருடம்தான் அவகாசம். 1963-ஆம் வருடத்து லிமிடேஷன் சட்டத்தில் எழுத்தில் வந்த அவதூறுக்கு 75-ஆவது உறுப்பு, வாயால் சொன்னதற்கு 76-ஆவது உறுப்பு, இரண்டிலும் ஒரு வருடம். கைமாற்றுக் கடனுக்கு மூன்று வருடம் இருக்கிறதே, இதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, முதலில் புது வேலை கிடைக்கட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். வேலை கிடைத்து மூச்சு விடுவதற்குள் பதினான்கு மாதம் ஓடியிருக்கும்.

இன்னொன்று, வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கெடு நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நிற்காது. அவர்கள் பதில் போடுவதாகச் சொல்லி இழுத்தடிக்கும் நாட்களும் உங்கள் கணக்கில்தான் கழியும். அரசுத் துறை மீது வழக்கு என்றால் மட்டும் இரண்டு மாத முன்னறிவிப்பு கட்டாயம், அந்த இரண்டு மாதத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

இணையத்தில் போட்டது இன்றும் அப்படியே இருக்கிறதே, தினமும் புது அவதூறுதானே என்று கேட்பார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் ஒரு ஃபேஸ்புக் பதிவு வழக்கில் அந்த வாதத்தை ஏற்கவில்லை, முதலில் பதிவேற்றிய நாளிலிருந்தே கணக்கு என்றது. புதிதாக வேறொருவருக்கு அனுப்பியிருந்தால் அது வேறு விஷயம்.

கிரிமினல் புகாருக்கு மூன்று வருடம் உண்டு. சிவில் கெடுவைத் தவறவிட்டவர்கள் பிறகு கிரிமினல் பக்கம் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

எதெல்லாம் அவதூறு ஆகும்?

மூன்று விஷயம் சேர வேண்டும். சொன்னது உங்கள் நடத்தையையோ தொழில் திறமையையோ நாணயத்தையோ மற்றவர் கண்ணில் தாழ்த்துவதாக இருக்க வேண்டும், அது உங்களைத்தான் குறிக்கிறது என்று புரிய வேண்டும், உங்களைத் தவிர இன்னொருவர் காதுக்கோ கண்ணுக்கோ போயிருக்க வேண்டும். மூன்றாவதை மறந்துவிடுவார்கள். மூடிய அறையில் மேனேஜர் உங்களைத் திருடன் என்று கத்தினார், கேட்க வேறு யாரும் இல்லை என்றால் அது அவமானம்தான், அவதூறு வழக்குக்கு ஆகாது.

"எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லை", "எங்களுக்கு ஒத்து வரவில்லை" என்பதெல்லாம் அபிப்பிராயம். அதை வைத்து வழக்கு நிற்பது கஷ்டம். "ஸ்டாக்கில் கை வைத்தார்", "கஸ்டமர் டேட்டாவை எடுத்துக்கொண்டு போனார்", "போலி சர்டிஃபிகேட் கொடுத்தார்" என்று நடந்த சம்பவம்போலச் சொன்னால் அங்கேதான் வழக்கு பிறக்கிறது.

டெர்மினேஷன் லெட்டரிலேயே தப்பாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதை எனக்கு மட்டும்தான் அனுப்பினார்கள். ஒன்றும் செய்ய முடியாதா?

நல்ல கேள்வி, இதற்கு இப்போது நல்ல பதிலும் இருக்கிறது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் விப்ரோவின் முன்னாள் ஊழியர் ஒருவர் போட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வேலை நீக்கக் கடிதத்தில் அவர் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொண்டார் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். கடிதம் அவருக்குத்தான் போனது, வேறு யாருக்கும் காட்டவில்லையே என்று கேட்கலாம். ஆனால் அடுத்த வேலைக்குப் போகும் எவரும் பழைய கம்பெனியின் கடிதத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும்; தன் பெயரைக் கெடுக்கும் காகிதத்தைத் தானே எடுத்து நீட்ட வேண்டிய கட்டாயம், அது அப்படித்தான் வெளியே போகும் என்று எழுதியவருக்கும் தெரியும். நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று பார்த்து, அந்த வரிகளை நீக்கி வேறு கடிதம் கொடுக்கச் சொன்னதோடு 2 லட்ச ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

டெல்லி தீர்ப்பு சென்னை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டாகக் காட்டலாம். என் கணக்கில் 2 லட்சத்தைவிட அந்தப் புதுக் கடிதம்தான் பெரிய வெற்றி. மானநஷ்ட வழக்கு என்றால் கோடி கோடியாகக் கேட்பதுதான் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

புது கம்பெனி பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்தபோது பழைய ஹெச்.ஆர். போனில் ஏதோ சொல்லியிருக்கிறார், ஆஃபர் போய்விட்டது. என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இது, அதிகம் தோற்கும் இடமும் இதுதான்.

இரண்டு சுவர் இருக்கிறது. முதல் சுவர், என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியாது. ஆஃபரை ரத்து செய்யும் கம்பெனி "வெரிஃபிகேஷனில் திருப்தி இல்லை" என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும். இருந்தாலும் அன்றைக்கே பணிவாக ஒரு மெயில் போடுங்கள்: எந்த விவரம் பொருந்தவில்லை என்று சொன்னால் என்னிடம் இருக்கும் ஆவணத்தோடு விளக்கம் தருகிறேன் என்று. சண்டை போடும் தொனி வேண்டாம். சில ரெக்ரூட்டர்கள் இதற்குப் பதிலாக அந்த ரிப்போர்ட்டின் வரியையே அனுப்பிவிடுவதுண்டு, அது கிடைத்தால் வழக்கின் முதுகெலும்பே கிடைத்த மாதிரி. கிடைக்கவில்லை என்றாலும் வழக்குப் போட்ட பிறகு வெரிஃபிகேஷன் செய்த ஆளைச் சாட்சியாக சம்மன் அனுப்பி வரவழைக்கலாம், ரிப்போர்ட்டைத் தாக்கல் செய்யச் சொல்லிக் கேட்கலாம். அவர் விருப்பத்தோடு வர மாட்டார் என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

இரண்டாவது சுவர், சட்டமே பழைய முதலாளிக்குக் கொடுக்கும் பாதுகாப்பு. ஒருவரை வேலைக்கு எடுக்கப் போகிறவர் கேட்கிறார், தெரிந்ததை நல்லெண்ணத்தோடு சொல்கிறேன் என்றால், சொன்னது பிறகு தவறு என்று தெரிந்தாலும் அவர் தப்பிக்கலாம். அதை உடைக்க அவருக்கு உள்நோக்கம் இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். பொய் என்று தெரிந்தே சொன்னார், கேட்காமலேயே தானாகப் போன் போட்டுச் சொன்னார், சம்பள பாக்கிக்குப் புகார் கொடுத்த மறுவாரம் சொன்னார் என்பதுபோன்ற விஷயங்கள் இங்கே உதவும். வேலையில் இருந்தபோது வந்த அப்ரைசல் மெயில், பாராட்டுக் கடிதம், இன்க்ரிமென்ட் லெட்டர் எல்லாவற்றுக்கும் திடீரென்று மதிப்பு வருவது இந்தக் கட்டத்தில்தான். வேலையை விடும் முன்பே உங்களுக்கு வந்த அந்தக் கடிதங்களின் பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ரகசியக் கோப்புகளைத் தொடாதீர்கள், அதை வைத்தே உங்கள் மேல் கேஸ் போடுவார்கள்.

நண்பரை விட்டு வேறு கம்பெனி ஹெச்.ஆர். மாதிரிப் பேச வைத்து ரெக்கார்ட் செய்யலாமா என்று கேட்கிறார்கள். என்ன பேசுகிறார் என்று தெரிந்துகொள்ள உதவலாம், ஆனால் நீங்களே கேட்க வைத்துச் சொல்ல வைத்தது என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதை மட்டும் நம்பி வழக்குப் போட வேண்டாம்.

அவர்கள் சொன்னது உண்மையாகவே இருந்தால்?

சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்துவிட்டால் கதை முடிந்தது. கிரிமினலில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மைக்காகவும் சொல்லியிருக்க வேண்டும். பாதி உண்மைதான் சிக்கல்: மெமோ கொடுத்தது உண்மை, விசாரணையில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்கிறார்கள் என்றால் அதை விடக்கூடாது.

பேப்பரில் என் போட்டோவைப் போட்டு "இவர் எங்கள் நிறுவனத்தில் பணியாற்றவில்லை" என்று விளம்பரம் கொடுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் ஃபைனான்ஸ் கம்பெனி, ஏஜென்சி, நகைக்கடை, கலெக்‌ஷன் வேலை என்று பணம் புழங்கும் இடங்களில் இது பழக்கம். தாலுகா எடிஷனில் ஓரத்தில் ஒரு கட்டம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கீழே "இவரிடம் எந்த வரவு செலவும் வைத்துக்கொள்ள வேண்டாம், மீறினால் நிறுவனம் பொறுப்பல்ல". ஊரில் இதைப் பார்ப்பவர் எவரும் ஆள் பணத்தைச் சுருட்டிவிட்டான் என்றுதான் நினைப்பார்.

சட்டம் வாசகத்தைப் பார்க்கும். வேலையை விட்டுவிட்டார், இந்தத் தேதிக்குப் பிறகு எங்கள் சார்பில் வசூலிக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று மட்டும் இருந்தால் அது ஒரு தகவல், கஸ்டமர்களைக் காப்பாற்றக் கொடுத்தது என்று வாதாட அவர்களுக்கு இடம் உண்டு. "முறைகேடு", "மோசடி", "தலைமறைவு" என்ற சொல் ஒன்று சேர்ந்துவிட்டால் நிலைமை வேறு. நீங்கள் முறையாக ராஜினாமா கொடுத்து, கணக்கு ஒப்படைத்து, அதற்கு அவர்கள் கையெழுத்துப் போட்ட காகிதமும் இருக்கிறது, அதற்கு மேல் இப்படி விளம்பரம் வந்தது என்றால் உங்கள் பக்கம் பலம்தான். அந்த நாளிதழின் முழுப் பக்கத்தையும் தேதியோடு, பதிப்பின் பெயரோடு பத்திரப்படுத்துங்கள். கத்தரித்த துண்டில் தேதி இருக்காது.

சிவிலா, கிரிமினலா, எதைப் போடுவது?

கிரிமினல் அவதூறு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. இரண்டு வருடம் வரை சாதாரணச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. கிரிமினல் அவதூறே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று வாதாடிய வழக்கில், அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லிவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், போடவும் முடியாது, இது அவர்கள் நேரடியாக எடுக்கும் குற்றம் அல்ல. மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகாராகக் கொடுக்க வேண்டும். புது கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில், புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள், அதனால் முன்பைவிட ஒரு படி கூடுதல். இன்னும் சிலர் ஐ.டி. சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 66ஏ பிரிவில் புகார் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது.

சிவிலில் இழப்பீடும் கேட்கலாம், இனிமேல் இப்படிச் சொல்லக்கூடாது என்று தடை உத்தரவும் கேட்கலாம், கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லியும் கேட்கலாம். வேலை தேடும் ஒருவருக்குத் தேவையானது இவைதான். அதனால் பெரும்பாலும் சிவில்தான் என் யோசனை. கிரிமினல் கேஸ் ஒரு அழுத்தம் கொடுக்கும் ஆயுதம், உண்மை. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்களும் போய் நிற்க வேண்டும், புது வேலையில் லீவு யார் தருவார்கள்? இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தச் சட்டத்தில் தடையில்லை.

யார் மீது போடுவது, கம்பெனி மீதா, மேனேஜர் மீதா?

சிவிலில் இருவரையும் சேர்க்கலாம். வேலையின் பகுதியாக ஊழியர் செய்ததற்கு நிறுவனமும் பொறுப்பு. கிரிமினலில் யார் சொன்னாரோ எழுதினாரோ அவர் பெயர் வேண்டும். எம்.டி. என்பதற்காக மட்டும் எம்.டி.யைச் சேர்த்தால் அவர் உயர் நீதிமன்றம் போய்த் தன் பெயரை ரத்து செய்துகொண்டு வந்துவிடுவார், உங்கள் வழக்கு நடுவில் ஒரு வருடம் தூங்கும்.

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். ஸ்கிரீன்ஷாட் போதுமா?

ஒரே தொழிலில் இருக்கும் முதலாளிகள் அல்லது ஹெச்.ஆர்.கள் வைத்திருக்கும் குரூப்பில் உங்கள் போட்டோவோடு "இந்தப் பையனை யாரும் எடுக்காதீங்க" என்று வருவது, அதை அங்கே இருக்கும் நல்ல மனசுக்காரர் ஒருவர் உங்களுக்கு அனுப்புவது, அப்படித்தான் வெளியே தெரியவருகிறது. அனுப்பியவர் ஃபார்வர்ட் செய்தது மட்டும் உங்களிடம் இருந்தால் பலவீனம். அந்தக் குரூப்பில் இருப்பவர் போனிலிருந்து, குரூப் பெயர், அனுப்பியவர் நம்பர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டும் சாட் எக்ஸ்போர்ட்டும் வேண்டும். முடிந்தால் அவர் சாட்சி சொல்லவும் தயாராக இருக்க வேண்டும், நடைமுறையில் இங்கேதான் எல்லாம் நின்றுபோகும், ஏனென்றால் அவருக்கும் அதே ஊரில் அதே தொழிலில் பிழைப்பு.

மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கட்டாயம். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தை வைத்து 65பி என்று சொல்வோம், இப்போது புதுச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு. படிவத்தில் இரண்டு பகுதி, ஒன்றைச் சாட்சியத்தைத் தருபவரும் இன்னொன்றை நிபுணரும் கையெழுத்திட வேண்டும், ஹேஷ் மதிப்பும் (கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் குறியீடு) குறிக்க வேண்டும். போனை மாற்றிவிடாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். நீங்களே பேசிய போன் உரையாடலை ரெக்கார்ட் செய்திருந்தால் அதைப் பொதுவாக நீதிமன்றங்கள் ஏற்கின்றன. அடுத்தவர்கள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டால் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

என் மேல் போலீசில் பொய்ப் புகார் கொடுத்துவிட்டார்கள்.

அவதூறு வழக்கை ஓரமாக வையுங்கள், முதலில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஊழியர் செய்த நம்பிக்கை மோசடி என்று புகார் என்றால் ஏழு வருடம் வரை தண்டனை உள்ள பிரிவு. ஸ்டேஷனிலிருந்து அழைத்தால் சி.எஸ்.ஆர். (புகார் வந்ததற்கான ஸ்டேஷன் பதிவு) போட்டிருக்கிறார்களா, எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வக்கீலோடு போங்கள். முன்ஜாமீன் தேவையா என்பதை அவர் பார்ப்பார். சமாதானமாகப் போகலாம் என்று ஸ்டேஷனிலேயே உட்கார வைத்து, இவ்வளவு பணம் தருகிறேன் என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். வாங்காத பணத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அந்த ஒரு தாள் கடைசிவரை உங்களைத் துரத்தும்.

வழக்கு உங்களுக்குச் சாதகமாக முடிந்த பிறகு, உள்நோக்கத்தோடு வழக்குத் தொடுத்ததற்காக இழப்பீடு கேட்கலாம். அதற்கும் முடிந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான்.

ரிலீவிங் லெட்டர் தர மறுக்கிறார்கள். இதுவும் அவதூறா?

இல்லை. கொடுக்காமல் இருப்பது வேறு, தப்பாகச் சொல்வது வேறு. இதற்குத் தொழிலாளர் துறையிடம் புகார், வக்கீல் நோட்டீஸ், கடைசியில் கடிதம் தரச் சொல்லி சிவில் வழக்கு என்று போகலாம். சம்பள பாக்கியைப் பொறுத்தவரை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின்படி வேலையை விட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

காரணம் எழுதி வேலையை விட்டே தூக்கியிருந்தால் இன்னொரு வழியும் பாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அந்தச் சம்பளமும்) இல்லாமல் நீக்க முடியாது; ஒழுங்கீனம் என்று சொன்னால் விசாரணை நடத்திச் சாட்சியம் பதிந்திருக்க வேண்டும். தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். நீக்கமே செல்லாது என்று ஆகிவிட்டால் அதில் எழுதிய குற்றச்சாட்டும் பெரும்பாலும் வலுவிழந்துவிடும், அவதூறை நிரூபிக்கும் தலைவலி இல்லை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, கெடுவும் குறைவு, உடனே போங்கள்.

பாலியல் தொல்லைப் புகார் விசாரணை பற்றி வெளியே பேசுகிறார்கள்.

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் வருடச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, புகார் கொடுத்த பெண், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள் என யாருடைய அடையாளத்தையும் விசாரணை விவரத்தையும் வெளியிடக்கூடாது என்கிறது. புகார் கொடுத்ததால் "பிரச்சனை பண்ணுகிற பொண்ணு" என்று அடுத்த கம்பெனிக்குச் சொல்வதும் இதில் மாட்டலாம், குற்றம் சாட்டப்பட்டவர் பெயரைப் பரப்புவதும் மாட்டலாம்.

எவ்வளவு செலவாகும், எவ்வளவு கிடைக்கும்?

தமிழ்நாட்டில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ். முன்பு ஏழரை சதவீதம், 2017-இல் குறைத்தார்கள். 10 லட்சம் கேட்டால் 30,000 ரூபாய். ஒரு கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பக் கோர்ட் ஃபீஸ் கிடையாது, ஆனால் வழக்குப் போடும்போது 3 லட்சம் கட்ட வேண்டும், அதனால்தான் நோட்டீஸில் கோடி இருக்கும், வழக்கில் லட்சம் இருக்கும். வக்கீல் ஃபீஸ் தனி. வழக்கு முடிய வருடக்கணக்கில் ஆகும், கிடைப்பது பெரும்பாலும் கேட்டதில் சிறு பகுதி. உண்மையான நஷ்டத்துக்குக் கணக்குக் காட்டினால் நல்லது: ரத்தான ஆஃபர் லெட்டர், அதில் போட்டிருந்த சம்பளம், எத்தனை மாதம் வேலை இல்லாமல் இருந்தீர்கள்.

அப்படியென்றால் நோட்டீஸ் அனுப்பி என்ன கேட்பது?

என்னிடம் கேட்டால் பணத்தை மூன்றாவதாக வைப்பேன். முதலில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, இந்த மூன்று மட்டும் உள்ள ஒரு கடிதம். இரண்டாவது, தப்பான தகவல் யாருக்கெல்லாம் போனதோ அவர்களுக்கே "முன்பு சொன்னதைத் திரும்பப் பெறுகிறோம்" என்று ஒரு மெயில், இனி யார் கேட்டாலும் இந்தக் கடிதத்தில் உள்ளதை மட்டும் சொல்வோம் என்று எழுத்தில் உறுதி. பல கம்பெனிகளின் சட்டப் பிரிவு இதற்கு ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் இதில் அவர்களுக்குச் செலவு இல்லை, மேனேஜரின் ரோஷம்தான் தடை. நோட்டீஸை அந்த மேனேஜருக்கு மட்டும் அனுப்பாமல் பதிவு அலுவலக முகவரிக்கும் அனுப்பச் சொல்வது அதனால்தான்.

அவர்கள் தரும் சமரச ஒப்பந்தத்தில் நீங்களும் கம்பெனியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். இருவருக்கும் பொருந்தும்படி எழுதச் சொல்லுங்கள்.

நானும் லிங்க்ட்இன்னில் அவர்களைக் கிழிக்கலாமா?

வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுத உங்களுக்கு உரிமை உண்டுதான். ஆனால் கோபத்தில் "ஃப்ராடு கம்பெனி" என்று ஒரு சொல் விழுந்தால் அவர்கள் உங்கள் மேல் வழக்குப் போடுவார்கள், அவர்களிடம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது. உங்கள் வழக்கிலும் நீதிபதி அந்தப் பதிவைப் பார்ப்பார்.

இலங்கையில், வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு?

இலங்கையில் கிரிமினல் அவதூறை 2002-லேயே நீக்கிவிட்டார்கள், சிவில் வழக்கு மட்டும்தான். வளைகுடா நாடுகளில் நிலைமை தலைகீழ், வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டினாலே கிரிமினல் வழக்கு வரலாம், அதனால் ஊருக்கு வந்து சேரும்வரை எதையும் எழுதாதீர்கள். வேலைக்கு வராமல் ஓடிவிட்டதாக முதலாளி பொய்யாகப் பதிவு செய்திருந்தால் அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தில்தான் முறையிட வேண்டும், இந்தியத் தூதரகத்துக்கும் எழுதுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அவதூறு வழக்குக்கும் தருவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது அப்பாயின்ட்மென்ட் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ராஜினாமா மெயில், அவதூறு வந்த காகிதம் அல்லது போன், அது உங்களுக்குத் தெரியவந்த தேதி, இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.